நுனி கொடுத்தால் சொல்வேன்

தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் குழுவில் ஒரு சின்னக் கூட்டம் நடக்கும். நேற்று என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் மென்பொருள் சோதனை வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. இந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. "நீங்க சொல்லுங்க, நேத்து என்ன பண்ணீங்க?" என்று என் பக்கம் திரும்பியதும் உள்ளே ஒன்றுமே இருக்காது. மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. மறந்திருந்தால் ஏதோ இருந்து போன தடமாவது தெரியும். இது வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி.

அப்போது பக்கத்தில் இருக்கிற பையன், "அக்கா, அந்த லாகின் பக்கத்துப் பிழை என்னாச்சு?" என்று கேட்டால் போதும். எந்த பிரவுசரில் வந்தது, எந்தப் பயனர் கணக்கு, மூன்றாவது முறை கடவுச்சொல்லைத் தப்பாகக் கொடுத்தபோது பக்கம் எத்தனை வினாடி உறைந்தது, அந்த நேரம் எனக்குப் பின்னால் யார் நாற்காலியை இழுத்தார்கள் என்பதுவரை வந்துவிடும். நேற்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் அந்தப் பிழையோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் "நேற்று" என்று கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் பெயர் லாகின். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

எனக்கு இப்போது 41 வயது. ஆட்டிசம் என்று உறுதியானது 37-ல். அதற்கு முன்னால் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் நிறையப் பெயர் வைத்திருந்தார்கள். அழுத்தக்காரி. வாயைத் திறக்க மாட்டாள். எதிலும் ஒட்டுதல் இல்லாதவள்.

ஏழு வயதில் மட்டும் எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது: ஏகசந்தக்கிராகி. யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா என்னைக் கூப்பிட்டுத் தனிம அட்டவணையை ஒப்பிக்கச் சொல்வார். ஹைட்ரஜனில் ஆரம்பித்து நூறைத் தாண்டி நிறுத்துவேன். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதே பிள்ளையிடம் "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பதில் வராது. இவ்வளவு ஞாபகசக்தி இருக்கிறவளுக்குக் காலையில் நடந்தது தெரியாதா என்ன? சொல்ல மனசில்லை என்றுதான் அம்மா எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற சொல் இன்றைய பொருளில் பரவியது. அதிலேயே இந்தக் குழந்தைகளின் அபாரமான ஒப்பிக்கும் திறனைக் குறிப்பிட்டிருக்கிறார். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு குறிப்பு பின்னாளில் எங்கள் எல்லோர் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆட்டிசம் என்றால் நினைவாற்றல் என்று ஆகிவிட்டது. 1960-களில் பியேட் ஹெர்மெலின், நீல் ஓ'கானர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகளை நான் படித்தபோதுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. தொடர்பில்லாத சொற்களைவிட, வாக்கியமாகக் கோத்துச் சொன்ன சொற்கள் பொதுவாகப் பிள்ளைகளுக்கு எளிதில் நினைவில் நிற்கும். பொருள் கைகொடுக்கிறது. ஆட்டிசக் குழந்தைகளுக்கு அந்தக் கைகொடுப்பு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. மணிகள் அவர்களிடமும் இருக்கின்றன. கோக்கிற நூல்தான் வேறு மாதிரி.

இதை எழுத உட்கார்ந்ததே அப்பாவுக்காகத்தான்.

அப்பா இறந்த ஆறாம் நாள். வீடு நிறைய ஆட்கள். ஆளாளுக்கு அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். அத்தை, அப்பாவின் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே அவனுக்குச் செல்லம். உங்கப்பனைப் பத்தி ஏதாவது ஒண்ணு சொல்லும்மா, கேக்கறேன்" என்றார். நான் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன்: "அப்பா பொறந்தது 1949 நவம்பர் 3. ரத்த வகை ஓ நெகட்டிவ். செருப்பு அளவு எட்டு. 33 வருஷம் சர்வீஸ்." அத்தை கையை விட்டுவிட்டார். பின்னாலிருந்து யாரோ, "ஃபாரம் நிரப்பற மாதிரி சொல்றா பாரு" என்றது காதில் விழுந்தது. அந்தக் குரல், அது வந்த திசை, அப்போது மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது, எல்லாம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. அப்பாவைப் பற்றிய காட்சி மட்டும் ஒன்றுகூட அன்று வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அலமாரியை ஒழிக்கும்போது அவருடைய டார்ச் கிடைத்தது. அதன் அடிமூடி எப்போதோ தளர்ந்துபோனது. பேட்டரி ஆடாமலிருக்க நான்காக மடித்த காலண்டர் தாளை அப்பா உள்ளே வைத்திருப்பார். மூடியைத் திருகினேன். கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயது. மின்சாரம் போய்விட்டது. இடிச் சத்தம் தாங்காமல் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன். அம்மா வெளியே வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்பா கூப்பிடவில்லை. அவரும் தரையில் குப்புறப் படுத்து மேசைக்கு அடியில் தலையை நீட்டுகிறார். பனியனில் இடது தோளருகே ஒரு ஓட்டை. டார்ச்சைத் தரையில் படுக்க வைக்கிறார். வெளிச்சம் தரையோடு ஓடி எதிர்ச்சுவரில் பாதி வட்டமாக விழுகிறது. மின்னல் அடிக்கிறது. "எண்ணு" என்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறில் இடிக்கிறது. "மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். ஆறுன்னா ரெண்டு கிலோமீட்டர் தள்ளி." அடுத்த மின்னல். ஒன்பது. "மூணு கிலோமீட்டர். பாத்தியா, போயிட்டிருக்கு." அவர் ஒரு தடவைகூட "பயப்படாதே" என்று சொல்லவில்லை. பதினைந்து வரும்வரை என்னோடு தரையிலேயே படுத்திருந்தார்.

அக்காவுக்கு போன் போட்டு நாற்பது நிமிடம் பேசினேன். டார்ச்சிலிருந்து அந்த இரவு, அந்த இரவிலிருந்து அந்த மேசை, மேசையிலிருந்து அப்பா அதற்கு வார்னிஷ் அடித்த ஞாயிற்றுக்கிழமை. அக்கா அழுதுகொண்டே, "இதை அன்னிக்கே அத்தைகிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

"அன்னிக்கு என்கிட்ட டார்ச் இல்லையேக்கா" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் 1972-ல் நினைவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, உலகத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கும் தகவல்கள். இன்னொன்று, நாமே அங்கே இருந்து அனுபவித்த நிகழ்வுகள். 1985-ல் அவர் இன்னும் ஒரு படி போனார். ஒரு விஷயம் உங்களுக்கு "தெரியும்" என்பதும், அது நடந்த கணத்துக்கே திரும்பிப் போய் அதை "நினைவுகூர்கிறீர்கள்" என்பதும் வேறுவேறு என்றார். நான் அத்தையிடம் சொன்னது எல்லாம் முதல் வகை. அத்தை கேட்டது இரண்டாம் வகை. லாரா கிரேனும் லோர்னா கோடார்டும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இதே பிளவைத்தான் கண்டார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிய தகவல்களில் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. குறிப்பிட்ட நிகழ்வுகளை எடுத்துச் சொல்வதில்தான் சிரமப்பட்டார்கள். இந்த வரியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆறாம் நாள் அந்தக் கூடத்தில் நடந்ததை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் டெர்மட் பௌலர் என்பவர் பல வருடங்களாக இதை ஆராய்ந்திருக்கிறார். அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இது. ஒரு பட்டியலைப் படிக்கக் கொடுத்துவிட்டு, "ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள்" என்று வெறுமனே கேட்டால் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பல சமயம் தடுமாறுகிறார்கள். "இந்தச் சொல் அதில் இருந்ததா?" என்று சொல்லையே எதிரில் வைத்துக் கேட்டால் தடுமாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதாவது சரக்கு உள்ளே இருக்கிறது. கேள்வியே ஒரு பிடியைக் கொடுத்தால் அது வெளியே வருகிறது. பிடி இல்லாமல் தானே வழி கண்டுபிடித்துப் போய் எடுத்து வருவதுதான் கடினம்.

2000-ல் அவரும் சக ஆய்வாளர்களும் டல்விங்கின் அந்த இரண்டு சொற்களையே எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். முன்பு பார்த்த சொல்லை அடையாளம் காட்டுவதில் ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் "நினைவிருக்கிறது" என்று சொன்னது குறைவு, "தெரியும்" என்று சொன்னது அதிகம். விடை ஒன்றுதான். அந்த விடைக்கு வந்த பாதை வேறு.

ஏன் இப்படி என்பதற்கு எனக்குப் பொருத்தமாகப் படுகிற விளக்கம், தனித்தனிப் பொருள்களை நினைவில் வைப்பதும் அவற்றுக்கு இடையிலான உறவுகளை வைப்பதும் வேறுவேறு வேலை என்பது. இந்தச் சொல், இந்தக் குரல், இந்த வெளிச்சம் என்று உதிரியாக எனக்குக் கூர்மையாகப் பதிகிறது. இது எதற்குப் பிறகு நடந்தது, எதோடு சேர்ந்தது, அதில் நான் எங்கே நின்றேன் என்கிற கட்டு தளர்வாக விழுகிறது. "நேற்று" என்பது ஒரு கட்டு. "உன் அப்பா" என்பதும் ஒரு கட்டு. கட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது உதிரி.

எல்லா ஆட்டிசக்காரர்களும் என்னைப் போல என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு நகரத்தையே நினைவிலிருந்து வரைகிற ஸ்டீபன் வில்ட்ஷயரும் ஆட்டிசம் உள்ளவர்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் வாழ்க்கையை வருட வரிசையில் கடகடவென்று சொல்வாள். நான் சொல்வது என் தலைக்குள் நடப்பதையும், அதோடு ஒத்துப்போகிற ஆய்வுகளையும்தான்.

ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டறியப் போனபோதும் இதே சிக்கல். முதலில் பார்த்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "உங்க குழந்தைப் பருவத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார். நான் பேசாமல் இருந்தேன். "நண்பர்களோட எப்படி விளையாடுவீங்க?" பேசாமல் இருந்தேன். போதுமான விவரம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கிற வழியே ஆட்டிசக்காரர்களுக்குக் கடினமான ஒரு வேலையை நம்பி இருக்கிறது என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவதாகப் பார்த்தவர் பழைய மதிப்பெண் அட்டைகளையும் போட்டோக்களையும் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் வகுப்புக் குழுப் படத்தை என் முன்னால் நகர்த்தி, "இதுல உங்க பக்கத்துல நிக்கறது யாரு?" என்று கேட்டார். மதியம்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இது எழுதக் கஷ்டமானது.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை மேலாளர் ஒருவர் கூட்ட அறையில் வைத்துக் கேவலமாகப் பேசினார். நான் அங்கே இருந்தேன். புகார் போனது. விசாரணையில் மூன்று பேர். "நடந்ததை முதல்ல இருந்து, வரிசையா, உங்க வார்த்தையில சொல்லுங்க." என்னால் இரண்டு வாக்கியம்தான் சொல்ல முடிந்தது. பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். அதில் ஒருவர், "அப்ப கதவு திறந்திருந்துச்சா?" என்றார். கதவு. உடனே கதவின் கைப்பிடி, அதில் தொங்கிய அடையாள அட்டை, அந்தப் பெண்ணின் கையிலிருந்து விழுந்த பேனா, மேலாளர் சொன்ன வார்த்தைகள் அட்சரம் பிசகாமல், எல்லாம் வந்தன. சொன்னேன். முதலில் சொல்லாததைப் பிறகு சேர்த்துச் சொல்வதால் என் சாட்சியத்தை நம்ப முடியவில்லை என்று எழுதினார்கள். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

சாட்சிகளை விசாரிக்க ஒரு புகழ்பெற்ற முறை உண்டு. 1980-களில் அமெரிக்காவில் உருவாக்கியது. நடந்த இடத்தை மனதுக்குள் கொண்டுவரச் சொல்லி, பிறகு தடுக்காமல் பேச விடுவார்கள். பலருக்கு அது நன்றாகப் பயன்படுகிறது. கேட்டி மாராஸும் பௌலரும் 2010-ல் அதை ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் சோதித்தார்கள். உதவவில்லை. சொன்னதில் தவறுகள்தான் கூடின. பிறகு இன்னொரு சோதனையில், மனதுக்குள் கற்பனை செய்யச் சொல்லாமல், பார்த்த அதே அறைக்கே நேரில் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டார்கள். அப்போது அவர்களும் மற்றவர்கள் அளவுக்குச் சொன்னார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கூட்ட அறை, விசாரணை நடந்த இடத்திலிருந்து இரண்டு மாடி தள்ளித்தான் இருந்தது. யாராவது "வாங்க, அங்க போய்ப் பேசலாம்" என்று எழுந்திருந்தால் போதும். மாராஸ் குழு 2020-ல் வெளியிட்ட இன்னொரு முறையில், சாட்சியே முதலில் நடந்ததைச் சின்னச்சின்னத் துண்டுகளாகத் தலைப்பிட்டுப் பிரித்துக்கொள்கிறார். பிறகு ஒவ்வொரு துண்டாகச் சொல்கிறார். ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவருமே இதில் கூடுதலாகவும் துல்லியமாகவும் சொன்னார்கள். விசாரணை நடத்துகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

எதிர்காலத்துக்கும் இதே கதைதான். சோஃபி லிண்டும் பௌலரும் 2010-ல், நடந்ததை விவரிப்பதில் சிரமப்படுகிற ஆட்டிசப் பெரியவர்களுக்கு நடக்கப்போவதை விவரிப்பதிலும் சிரமம் இருப்பதைக் காட்டினார்கள். "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்கே பாக்கறீங்க?" என்று நேர்முகத் தேர்வில் கேட்கும்போது என் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று இப்போது புரிகிறது. செய்ய வேண்டியதை நினைவில் வைப்பதிலும், மணி பார்த்துச் செய்யவேண்டியது எங்களுக்குக் கடினம், ஒரு நிகழ்வோடு சேர்த்துவைத்தது அவ்வளவு கடினமில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் மாத்திரை பல் துலக்கும் பிரஷ்ஷின் மேலேயே ரப்பர் பேண்டால் கட்டியிருக்கும். எட்டு மணி எனக்குத் தெரியாமல் போகலாம். பிரஷ் போகாது.

வெளியிலிருந்து வருகிற பிடியால்தான் திறக்கும் என்றால், வேண்டாததும் அப்படித்தான் திறக்கும். ஒரு குறிப்பிட்ட தரை துடைக்கும் திரவத்தின் வாசனை. அதை எங்கே முகர்ந்தாலும் நான் பதிமூன்று வயதில் பள்ளித் தாழ்வாரத்தில் நிற்கிறேன், என்னைச் சுற்றி நான்கு பேர். அது நினைவாக வருவதில்லை. அப்போதே நடக்கிறது. நடந்து முடிந்து நான் திரும்பி வரக் கால் மணி நேரமாவது ஆகும். பக்கத்தில் இருப்பவர்களிடம் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்: "ஒரு பழைய விஷயம் வந்திருக்கு. போயிடும். பேசாம கூட இருந்தா போதும்."

வேலையில் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அன்றன்று நாலைந்து சொற்கள்தான்: லாகின், நாற்காலி, மழை, அவளுடைய புது வளையல். காலைக் கூட்டத்துக்கு முன் அதைப் பார்த்தால் நேற்று திரும்பி வந்துவிடும். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவர் "நேத்து என்ன பண்ணீங்க?" என்று கேட்பதில்லை. பிழை எண்ணைச் சொல்லிக் கேட்கிறார். அவருக்கு அது ஒரு சொல் மாற்றம்.

அக்காவும் மாறிவிட்டாள். முன்பெல்லாம் போன் எடுத்ததும் "என்னடி விசேஷம்?" என்பாள். நான் "ஒண்ணுமில்லக்கா" என்பேன். பேச்சு முடிந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பில், "ஏய், நம்ம நீல சைக்கிள், மாடிப்படிக்குக் கீழ நிக்குமே, அதுல மணி எந்தப் பக்கம்டி இருந்துச்சு?" என்றாள்.

"இடது பக்கம். அமுக்கினா உள்ளயே மாட்டிக்கும். அப்பா தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுட்டு, நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி அடிக்கச் சொன்னார். நீ பதினேழு தடவை அடிச்சே. அவர் கையில கறுப்பா எண்ணெய், அதைத் துடைக்கத் துணி தேடறார், துணி அவர் தோள்லயே..."

"இரு, இரு" என்றாள் அக்கா. "ஸ்பீக்கர்ல போடறேன். அம்மா பக்கத்துல இருக்காங்க. மணியிலிருந்து மறுபடி சொல்லு."